இந்தா வாரேன்

செய்தி வந்தபோது மணி மூன்றே முக்கால். கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டையிலிருந்து இர்ஃபானா பேசினார். என் மனைவி இளமதியோடு ஒரே பயிற்சி மையத்தில் வேலை பார்ப்பவர். "அண்ணே, ஒக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பாதி தெரிந்துவிட்டது. மதியம் சாப்பிட்ட பிறகு இளமதி தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம்.

அது கேன்டீனில் திருப்பதி மச்சான் பாலை அடுப்பில் வைக்கும் நேரம். மச்சான் என்பது இளமதியின், அதாவது எங்கள் மதியின், அண்ணன். அவரிடம் நான்தான் சொல்லியாக வேண்டும். படியிறங்கிப் போனேன்.

சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்த பழைய போனில் மதி பேசிக்கொண்டிருந்தாள். "இப்ப பால அடுப்புல வையி அண்ணே. மெதுவா. அவசரமே இல்ல." மச்சான் மெதுவாக வைத்தார். பாதியில் யாராவது கூப்பிட்டால் அவர் மறுபடி கை கழுவுவதிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் ஓரமாக நின்றேன். சட்டென்று அவர் வாசல் பக்கம் திரும்பி, "இந்தா வாரேன்!" என்று குரல் கொடுத்தார். வாசல்வரை நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பால் பொங்கி வரும் நேரத்துக்குச் சரியாகத் தீயைக் குறைத்தார். பெஞ்சில் இருந்த மாணவர்கள் தினமும் போல அன்றும் "வாங்க, வாங்க" என்றார்கள்.

"மாப்ள, ஒங்களுக்குச் சீனி கம்மி" என்று முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன்.

எதையும் அவரிடம் சுற்றி வளைத்துச் சொல்லக் கூடாது என்பது மதியின் சட்டம். அவர்கள் அப்பா இறந்தபோது உறவுக்காரர் ஒருவர், "அப்பா சாமிகிட்டப் போயிருக்காருடா" என்று சொல்லப்போய், மச்சான் ஆவுடையார்கோவில் வாசலில் சாயங்காலம்வரை காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதனால் நேராகச் சொன்னேன். "மச்சான், மதி செத்துப் போச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"எந்த மதி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எந்தக் கோளாறும் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு மதி இருந்தார்கள்.

ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர்க்காரி என் மனைவி. அண்ணனுக்கு ஆறு வருஷம் இளையவள். அண்ணனை இரண்டாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுத்து மண்டையில் ஏறவில்லை, எண்ணிக்கை ஏறவில்லை. ஆனால் டிவியில் வரும் விளம்பரத்தை ஒருமுறை பார்த்தால் போதும். பேச்சு, இடையில் வரும் குழந்தையின் சிரிப்பு, கடைசி மணியோசை வரைக்கும் அப்படியே திருப்பிச் சொல்வார். ஊரில் அவரை நிறுத்தி வைத்து விளம்பரம் போடச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவள் மதி. பி.ஏ. முடித்து, இந்த மாதிரி ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் படிப்பையும் படித்து, புதுக்கோட்டை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வளர்ந்தும் குழந்தைபோல் இருப்பவர்களுக்கு மிதியடி பின்னவும், காகிதக் கவர் ஒட்டவும் கற்றுக்கொடுக்கும் இடம் அது.

நான் பெண் பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். பெற்றோர் இல்லை. "எங்க அண்ணனும் என் கூட வரும். யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் என் பெரியப்பா முத்துராமன், "ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு பேராடா?" என்றார். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதையே சொல்வார். மதி சளைக்க மாட்டாள். "அண்ணனுக்கு அரை டிக்கெட்தான் மாமா. மிச்சத்த ஒங்களுக்குக் குடுத்துருவோம்."

எங்களுக்குக் குழந்தை இல்லை. கந்தர்வக்கோட்டையில் வாடகை வீடு. மதி காலையில் புதுக்கோட்டை பஸ் ஏறிவிடுவாள். முந்திரிக்காட்டை ஒட்டியிருக்கும் எங்கள் கல்லூரிக்கு நான் வண்டியில் போவேன். மச்சான் பகல் முழுவதும் டிவியோடு இருப்பார். அவருக்கு ஒரு வேலை வேண்டும் என்பது மதியின் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மிதியடி பின்ன அவருக்குப் பொறுமை இல்லை. காபி என்றால் மட்டும் கண் விரியும்.

"நாலு பேரு கேட்டு வாங்கிக் குடிக்கிற மாதிரி ஒரு காபி போட்டாப் போதுங்க" என்பாள். "நல்ல காபி போடுற ஆள யாரும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க."

வீட்டிலேயே கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். நடக்கவில்லை. "பொடியப் போடு அண்ணே" என்றால், "நீ சும்மா இரு பாப்பா" என்பார். தங்கச்சி சொல்லி அண்ணன் கேட்பதாவது! குரலை உயர்த்தினால் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு டிவிக்குப் போய்விடுவார். ஒருநாள் டிவியில் யாரோ பாயசம் கிண்டினார்கள். மச்சான் எழுந்து அடுக்களைக்குப் போய், வெறும் சட்டியை எடுத்து, அந்தப் பெண் கிண்டியது போலவே மணிக்கட்டை வளைத்துக் கிண்டினார். மதி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"அண்ணனுக்கு நான் டிவில வரணும்போலருக்குங்க" என்றாள்.

திருச்சியில் ஒரு பயிற்சியில் இதைப் பற்றி முன்பே கேட்டிருக்கிறாள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு வீடியோவாக எடுத்து, பார்த்துப் பார்த்துச் செய்ய வைப்பது. செய்கிறவரின் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி எடுக்க வேண்டும். முகம் வேண்டாம், கை போதும். தன் பழைய போனை அடுக்களை ஆணியில் துணிக் கிளிப்பால் மாட்டி, அடுப்பை நோக்கித் தொங்கவிட்டு எடுத்தாள். கை கழுவுவது ஒன்று. பில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றுவது ஒன்று. பால் காய்ச்சுவது, கலப்பது, பாத்திரம் கழுவுவது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக.

முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு மச்சான் கேட்டார், "யாரு கை?"

"என் கைதான் அண்ணே."

"இல்ல. நீ இங்க இருக்க. இது போன் மதி."

அன்றிலிருந்து இருவராகிவிட்டார்கள். வீட்டு மதி சொன்னால் அவர் கேட்க மாட்டார். போன் மதி சொன்னால் மறுபேச்சு இல்லை. "வீட்டு மதி கத்தும். போன் மதி கத்தாது" என்று என்னிடம் ரகசியம்போலச் சொன்னார். அதை மதியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "எனக்குப் போட்டியா நானே வந்துட்டேனா!" என்றாள்.

பொடிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ரப்பர் பேண்டைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது அவள் பழக்கம். வீடியோவிலும் அது இருந்தது. மச்சானும் மாட்டிக்கொண்டார். அவர் கழற்றவே இல்லை. வாரக் கடைசியில் பார்த்தால் கை நிறைய ரப்பர் பேண்டாக இருக்கும்.

பால் காய்ச்சும் வீடியோவில்தான் அந்தத் தவறு நடந்தது. பாலை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ மதி, இருக்கியா? இங்கிட்டு வா ஒரு நிமிசம்" என்று கூப்பிட்டார். "இந்தா வாரேன்!" என்று மதியின் குரல். கை மறைகிறது. கொஞ்ச நேரம் பால் மட்டும் தனியாகக் காய்கிறது. பொங்கி வரும்போது கை ஓடிவந்து தீயைக் குறைக்கிறது. அவர் கூப்பிட்டது முருங்கைக்கீரை கொடுக்க. அன்று வீட்டில் வேறு பால் இல்லை. அதனால் மறுபடி எடுக்காமல் அப்படியே விட்டாள்.

மச்சான் அதையும் சேர்த்தே படித்துக்கொண்டார். பால் வைத்தால் வாசலைப் பார்த்து "இந்தா வாரேன்" என்று சொல்ல வேண்டும், போக வேண்டும், வர வேண்டும். ஒரு நாள்கூட அவர் பிந்தியதில்லை, பால் வழிந்ததில்லை. மதி அந்தப் பகுதியை நீக்கி வேறொன்று எடுத்துக் காட்டினாள். பார்த்துவிட்டு, "இது தப்பு. பொன்னுத்தாயி கூப்புடவே இல்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பொன்னுத்தாய் அக்காவுக்கு இது பெருமையாகப் போயிற்று. "நான் கூப்டதுக்கு நீ ஒரு நாளுதான்டி வந்த. ஒங்கண்ணன் தெனம் வாரேங்கிறாரு பாரு."

எங்கள் கல்லூரி கேன்டீனை நடத்துபவர் ரத்தினவேல். நான் போய்க் கேட்டபோது, "சார், இது என்ன ஒங்க வீட்டு அடுப்பா?" என்றார். "ஒரு தடவ குடிச்சுப் பாருங்க" என்றேன். மச்சான் வந்தார், போனைச் சாய்த்தார், கை கழுவினார். ரத்தினவேல் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தார். "நாளைக்கும் இதே மாதிரி வருமா?" என்று கேட்டார். மறுநாளும் அதே மாதிரி வந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மாற்றிப் போட மச்சானுக்குத் தெரியாது.

ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. ரத்தினவேலுக்கு கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை இருக்கிறது. சாயங்காலம் அங்கே போய்விடுவார். கேன்டீனில் கடைசியாக இருப்பவர் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். அடுப்புத் திருகை அணைக்க மச்சானுக்குத் தெரியும். கீழே இருக்கும் பெரிய சிலிண்டரைத் தொட மாட்டார். சின்ன வயதிலிருந்து "கிட்டப் போகாத" என்று கேட்டே வளர்ந்தவர். அதனால் தினமும் நான் இறங்கிப் போய் மூடிவிட்டு வருவேன்.

"காபியப் பத்திப் பேச்சே இல்ல சார்" என்று ரத்தினவேல் மதியிடமே சொன்னார். "கேஸு விசயம். காலேஜ்ல என்னையத்தான் கேப்பாங்க. சாரு எத்தன நாளு எறங்கி வருவாரு? ஜூன்ல தொறக்கும்போது அவராவே வால்வ மூடிட்டாருன்னா, அவரு பாட்டுக்கு இருக்கட்டும். இல்லாட்டி என்னால முடியாதும்மா."

அதற்காக ஒரு சனிக்கிழமை மதி கேன்டீனுக்கு வந்தாள். எங்கள் வீட்டு சிலிண்டரும் கேன்டீன் சிலிண்டரும் வேறு மாதிரி என்பதால் அங்கேயே எடுக்க வேண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து, போனை ஸ்டூல் காலில் கட்டி எடுக்க ஆரம்பித்தாள். பாதியில் போன் நின்றுவிட்டது. இடம் இல்லை, எதையாவது அழி என்றது. வீட்டுக்கு வந்து படங்களை அழிக்க உட்கார்ந்தாள். எல்லாவற்றிலும் அண்ணன் இருந்தார். "இது வேணும்... இதுவும் வேணும்ங்க" என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒன்றுகூட அழிக்கவில்லை.

"அடுத்த சனிக்கெழம கார்டு ஒன்னு வாங்கிப் போட்டு எடுப்போம் அண்ணே" என்றாள்.

அவள் இறந்தது புதன்கிழமை.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். தாலிச் சங்கிலி, தோடு, வாட்ச், அதோடு ஒரு ரப்பர் பேண்டு.

உடல் வீட்டுக்கு வந்ததும் மச்சான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். அழவில்லை. ஒருமுறை அவள் பாதத்தைத் தொட்டு, "சில்லுனு இருக்கு மாப்ள" என்றார். இரவு முழுவதும் அப்படியே இருந்தார். மறுநாள் காலையில் மாலைகளும் ஆட்களுமாக வீடு நிறைந்திருந்த நேரத்தில், அவர் வீட்டில் காலைக் காபி போடும் நேரம் வந்தது. எழுந்து அடுக்களைக்குப் போனார்.

எழவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். பாலும் இல்லை. அவர் போனைச் சாய்த்து வைத்து, வெறும் சட்டியை அணைந்த அடுப்பின் மேல் வைத்தார். ஒப்பாரிக்கு நடுவே மதியின் குரல் வந்தது. "மொதல்ல கையக் கழுவு அண்ணே. வெரல் இடுக்குல்லாம் தேயி."

ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினார்கள். தலைமாட்டில் இருந்த பொன்னுத்தாய் அக்கா நிமிர்ந்தார்.

"இப்ப பால அடுப்புல வையி அண்ணே. மெதுவா. அவசரமே இல்ல."

பிறகு அக்காவுடைய குரலே அடுக்களையில் இருந்த போனிலிருந்து வந்தது. "ஏ மதி, இருக்கியா? இங்கிட்டு வா ஒரு நிமிசம்."

"இந்தா வாரேன்!" என்றாள் மதி.

"இந்தா வாரேன்!" என்று மச்சானும் உரக்கச் சொன்னார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அவளைத் தாண்டி வாசலுக்குப் போனார். எட்டிப் பார்த்தார். திரும்பினார்.

எங்கள் பக்கம் துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். மற்ற எந்த வீட்டிலும் "போறேன்" என்று சொல்லக் கூடாது, "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு வீட்டில் மட்டும் அந்த "வாரேன்" கூடாது. பெரியப்பா அவர் கையைப் பிடித்தார். "எழவு வீட்டுல வாரேன்னு சொல்லக்கூடாதுப்பா."

"நான் சொல்லல பெரியவரே. மதி சொல்லுது" என்றார் மச்சான். "விடுங்க. பால் பொங்கிரும்."

பெரியப்பா விட்டுவிட்டார். யாரோ ஒருவர் போனை அணைக்கச் சொன்னார். பொன்னுத்தாய் அக்கா எழுந்து அடுக்களை வாசலுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அணைக்காதீங்க. நான் கூப்டேன்ல, வாரேன்னு சொல்றா. கேட்டுக்கறேன்" என்றார். மச்சான் பற்றவைக்காத அடுப்பின் தீயைக் குறைத்தார். வெறும் டம்ளரை முதலில் அவரிடம் கொடுத்தார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சுடுகாட்டிலிருந்து வந்த பிறகு மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டு மதிதான் போயிருச்சு. போன் மதி இருக்கு" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கருமாதி முடிந்து கேன்டீனுக்குத் திரும்பினோம். மாணவர்கள் இப்போது "வாங்க, வாங்க" என்று சொல்வதில்லை. அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். ரத்தினவேல் நிபந்தனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கோடை விடுமுறைக்கு மூடும் வாரத்தில்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், அந்த வால்வு விசயம்... தப்பா எடுத்துக்காதீங்க."

நானே என் போனில் ஒரு வீடியோ எடுத்தேன். மெதுவாக, அவள் பேசியதைப் போலவே பேசி, வால்வை வலப்பக்கம் திருப்பி மூடிக் காட்டினேன். மச்சான் மரியாதையாகக் கடைசிவரை பார்த்தார். "நல்லாருக்கு மாப்ள" என்றார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிலிண்டரிலிருந்து விலகி நின்றார்.

"நீங்க மூடுங்க மச்சான்."

"போன் மதி சொல்லட்டும்."

"அவ சொல்ல மாட்டா மச்சான். அதுக்குள்ள போயிட்டாள்ல."

"வாரேன்னு சொல்லிருக்குல்ல" என்றார்.

இர்ஃபானாவை வரவழைத்து அவர் கையை வைத்தும் எடுத்துப் பார்த்தேன். "இது வேற ஆளு" என்று முதல் நொடியிலேயே மச்சான் சொல்லிவிட்டார். மதியின் கையில் இருந்த சின்னத் தழும்பு முதற்கொண்டு அவருக்குத் தெரியும்.

கேன்டீனை மூடும் நாள் அன்று, பழைய போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போன மச்சான் திடீரென்று "மாப்ள!" என்று கத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சனிக்கிழமை பாதியில் நின்ற வீடியோ அது. அது பதிவாகியே இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். சிலிண்டரின் தலை தெரிகிறது. "அண்ணே, இதான் கடைசி. இது தெரிஞ்சுருச்சுன்னா ஒனக்கு எல்லாம் தெரிஞ்சுரும். பயப்படாத. இந்த வால்வு மேல கைய வையி" என்கிறாள். மணிக்கட்டில் ரப்பர் பேண்டோடு அவள் கை வந்து வால்வின் மேல் படிகிறது. அதோடு முடிந்துவிடுகிறது.

மச்சான் அதை இன்னொரு முறை பார்த்தார். பிறகு குனிந்தார். இத்தனை வருஷமாகக் கிட்டப் போகாத சிலிண்டரின் பக்கத்தில் மண்டியிட்டு, வால்வின் மேல் கையை வைத்தார். விரல்கள் அவள் விரல்கள் இருந்த மாதிரியே இருந்தன. அவள் கை இருந்த அளவு நேரம் வைத்திருந்தார். எழுந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுருச்சு மாப்ள. எல்லாம் தெரிஞ்சுருச்சு" என்றார்.

அவர் வண்டியை நோக்கி நடந்த பிறகு நான் குனிந்து மூடினேன்.

ஜூனில் கல்லூரி திறக்கிறது. வீட்டில் தினமும் அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார். வால்வைத் திருப்புவது அதில் இல்லை.